காற்றுப் புகாத வண்டி

எங்கள் ஆம்புலன்ஸ் கட்டுப்பாட்டு அறையில் அக்காவுக்கு நாங்கள் வைத்த பெயர் 'விலாசம்'. போனை எடுத்ததும் அவர் வாயிலிருந்து வரும் முதல் வார்த்தை அதுதான். மறுமுனையில் ஆள் அலறினாலும் சரி, அழுதாலும் சரி, "விலாசம் சொல்லுங்க" என்பார். "ஐயோ, எங்கப்பா கீழ விழுந்துட்டாரு" என்றால், "எங்க விழுந்தாரு? தெருப் பேரு சொல்லுங்க" என்பார். கேட்கிறவர்களுக்கு, இந்தம்மா என்ன கல்நெஞ்சுக்காரி என்று தோன்றும். இடம் தெரிந்தால்தான் வண்டி கிளம்பும், அழுகையெல்லாம் வண்டி கிளம்பிய பிறகு வைத்துக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி.

"டீக்கடை பக்கத்துலங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போச்சு. "உலகத்துல ஒரே ஒரு டீக்கடைதான் இருக்கா? வெளிய போங்க, பக்கத்து கரண்ட் கம்பத்துல நம்பர் எழுதியிருக்கும், படிச்சு சொல்லுங்க" என்பார். "இவரை விட்டுட்டு எப்படிங்க போறது?" என்று மறுமுனை தயங்கும். எல்லோருமே அப்படித்தான் தயங்குவார்கள். "நீங்க பக்கத்துல உக்காந்து மூஞ்சியப் பார்த்துக்கிட்டே இருந்தா அவருக்குச் சரியாயிடுமா? ஓடுங்க" என்று விரட்டுவார்.

நான் அவருக்குப் பக்கத்து நாற்காலி. எனக்கு அவர் வைத்த பெயர் 'வாயாடி'. அது பொருத்தமில்லை என்று நான் எவ்வளவோ பேசிப் பார்த்துவிட்டேன்.

அக்காவிடம் எனக்கு ஆகாத குணம் ஒன்று உண்டு. தனக்கு உடம்புக்கு முடியவில்லை என்பதை உயிர் போனாலும் ஒப்புக்கொள்ள மாட்டார். ஒருமுறை கடைவாய்ப் பல் வீங்கி, கன்னம் ஒரு பக்கம் உப்பிப்போய், ஹெட்போனை மறுகாதுக்கு மாற்றிப் போட்டுக்கொண்டு வேலை பார்த்தார். "என்னக்கா இது?" என்றால், "எனக்கு ஒண்ணும் இல்ல" என்றார். அந்த வார்த்தையை அவர் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கவலையெல்லாம் கணவருக்காகத்தான். நான் அவரை மாமா என்பேன். கார்களுக்கு சீட் கவர் தைப்பவர். குறுகலான ஒரு தெருவில், பாதி நடைபாதையில் ஏறி நிற்கும் கார்களுக்குப் பின்னால், ரெக்ஸின் சுருள்களும் பசை வாடையுமாக ஒரு கடை. போன வருஷம் அந்தக் கடையிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தையல் மெஷின் மேல் சாய்ந்துவிட்டார். ஒரு ரத்தக்குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்தார்கள். பிழைத்துக்கொண்டார். ஆனால் அன்றைக்குப் போன உயிர் அக்காவுக்குத் திரும்பி வரவே இல்லை. மாமா இருமினால் எழுந்துவிடுவார். இருமாவிட்டால், ஏன் இருமவில்லை என்று எழுந்துவிடுவார்.

இந்த லட்சணத்தில் மாமாவுக்கு ஒரு ஆசை வந்தது. யாரோ ஒரு வாடிக்கையாளர் வேண்டாமென்று தலையில் கட்டிவிட்டுப் போன பழைய வேன் ஒன்று கடை வாசலில் நின்றது. அதன் உள்ளே படுக்கை அடித்து, கடலோரச் சாலையிலேயே போய், கரையில் வண்டியை நிறுத்தித் தங்க வேண்டும். "ஊர்ல இருக்கிறவன் எல்லாம் டூர் போறதுக்கு நான் சீட்டு தைச்சுக் குடுத்திருக்கேன். நான் உக்காந்தது கடை ஸ்டூல்ல மட்டும்தான்" என்றார். டாக்டரும் தாராளமாகப் போகலாம் என்று சொல்லிவிட்டார். அக்கா அந்த டாக்டரை இன்னும் மன்னிக்கவில்லை.

கிளம்பியது குளிர்காலத்தில். வாடிக்கையாளர் கூட்டம் ஓய்ந்த பிறகுதான் மாமாவுக்குக் கடையை அடைக்க மனசு வரும். குளிர் இதயத்துக்கு ஆகாது என்று அக்கா எங்கேயோ படித்திருந்தார். அதனால் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். வண்டிக்குள் ஒரு துளிக் காற்று வரக்கூடாது.

அது போதாதா மாமாவுக்கு? வேலை தெரிந்தவரிடம் சவால் விட்ட மாதிரி ஆயிற்று. கூரைக்கும் பக்கவாட்டுக்கும் ஸ்பான்ஜ் வைத்து ரெக்ஸின் இழுத்துத் தைத்தார். ஜன்னல் இடுக்கையெல்லாம் ரப்பர் பீடிங் வைத்து அடைத்தார். கூரையில் இருந்த காற்றுத் துவாரத்தைக்கூட விடவில்லை. கதவுகளுக்கு உள்பக்கம் தொங்குகிற மாதிரி கனமான திரை, ஓரம் முழுக்க இரட்டைத் தையல், ஒட்டிக்கொள்ளும் பட்டை. கிளம்புவதற்கு முந்தின நாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். "எறும்புகூட இதுல டிக்கெட் எடுத்துத்தான் உள்ள வரணும்" என்றார். அக்கா உள்ளே உட்கார்ந்து, ஈரக் கையை எல்லா மூலையிலும் நீட்டிப் பார்த்து, காற்று வரவில்லை என்று தெரிந்த பிறகுதான் தலையாட்டினார். நானும் பிரமாதம் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன்.

இனி வருவது இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டு நான் ஒட்டுப்போட்டது. ஒருவர் சொன்னதை இன்னொருவர் ஒத்துக்கொள்வதில்லை என்பதால் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கலாம்.

சாலை முழுக்க ஒரு பக்கம் கடல் கூடவே வந்தது. மாமா பாட்டை முணுமுணுத்துக்கொண்டு ஓட்டினார். அக்கா மடியில் ரத்த அழுத்தம் பார்க்கும் கருவியும் மாத்திரைப் பையுமாகப் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்து, அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தார். உதடு வெளுக்கிறதா, நெற்றி வேர்க்கிறதா, இடது கையை உதறுகிறாரா? பெட்ரோல் போட நிறுத்திய இடத்தில் இறங்கி, பக்கத்தில் ஆஸ்பத்திரி எங்கே என்று விசாரித்தார். டீ குடிக்க நிறுத்திய இடத்திலும் அதையே விசாரித்தார். கடைக்காரர் பதறிப்போய், டீயில் ஏதாவது கோளாறா என்று கேட்டாராம்.

"நான் ரோட்டைப் பாக்குறேன். நீ கடலைப் பாரேன்" என்றார் மாமா. "என் மூஞ்சிலயா அலை அடிக்குது?"

"நீங்க வண்டிய ஓட்டுங்க. நான் எதைப் பாக்கணும்னு எனக்குத் தெரியும்."

முதல் இரவு, வண்டிகளை நிறுத்தித் தங்குகிற ஒரு முகாம் மைதானத்தில் ஒழுங்காகக் கழிந்தது. மாமா நன்றாகத் தூங்கினார். அவர் மூச்சைக் கேட்டுக்கொண்டு அக்கா விழித்திருந்தார். மறுநாள் மதியத்துக்கு மேல் வானம் இருட்டிக்கொண்டு வந்தது. ஊசி குத்துகிற மாதிரிக் காற்று. முகாம்கள் எல்லாம் ஆளில்லாமல் பூட்டிக் கிடந்தன. மாமா பிரதான சாலையிலிருந்து ஒரு மண்பாதையில் வண்டியை இறக்கி, காற்றுக்கு ஒருக்களித்து வளர்ந்த மரங்களுக்கு நடுவே, கடலைப் பார்க்க நிறுத்தினார். நான்கு பக்கமும் ஆள் அரவமே இல்லை. "வேற இடம் பாக்கலாங்க" என்றார் அக்கா. மாமா அதற்குள் கரி அடுப்பை வெளியே எடுத்து வைத்துப் பற்றவைத்துவிட்டார்.

டீ கொதித்து இறக்கவும் மழை கொட்டவும் சரியாக இருந்தது. மாமா நனைந்துவிட்டார். அக்கா துண்டால் அவர் தலையைத் துவட்டி, உள்ளே தள்ளி, போர்வையைச் சுற்றினார். மாமாவின் பற்கள் தந்தியடித்தன. அடுப்பில் கரி சிவக்கக் கனிந்து கிடந்தது. புகை துளிகூட இல்லை. அக்காவே அடுப்பை இடுக்கியால் தூக்கி உள்ளே வைத்தார். கதவைச் சாத்தினார். திரையை இழுத்து ஓரம் முழுக்க அழுத்தி ஒட்டினார். மாமாவை மேல் படுக்கையில் படுக்கவைத்துவிட்டுத் தான் கீழே, அடுப்புக்கும் கதவுக்கும் நடுவே உட்கார்ந்துகொண்டார். தப்பித்தவறிக் கதவிடுக்கில் காற்று வந்தால் அது தன் முதுகில் படட்டுமே என்றுதான். ஒரு அட்டையால் கரியை விசிறிக்கொண்டும் இருந்தார். வண்டி கதகதவென்று ஆயிற்று. மாமா கண்ணை மூடினார்.

கொஞ்ச நேரம் கழித்து மாமா, "தலை வலிக்குது" என்றார். பிறகு, "நெஞ்சு என்னமோ படபடன்னு அடிச்சுக்குது" என்றார். அக்கா ஒரு வருஷமாக எதற்குப் பயந்துகொண்டிருந்தாரோ அது வந்தேவிட்டது. நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரையை வைத்தார். தலைவலி கூடியது. அந்த மாத்திரைக்குத் தலைவலி வரும் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மாமா குமட்டுகிறது என்றார். பேச்சு குழறியது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மட்டும் 'உம்' என்றார். அக்கா போனை எடுத்தார்.

கரையோரத்து அழைப்புகள் எல்லாம் எங்கள் அறைக்குத்தான் வரும். அன்று அந்த அழைப்பு என் காதில் விழுந்தது.

"ஆம்புலன்ஸ் சேவை. எந்த இடத்துல இருந்து பேசுறீங்க?"

மழைச் சத்தமும் யாரோ மூச்சு வாங்குவதும் கேட்டது.

"எந்த இடம்னு சொல்லுங்க."

"கடல் பக்கத்துல" என்றது ஒரு குரல்.

எனக்கு அடையாளம் தெரியவில்லை. இத்தனை காலம் பக்கத்தில் உட்கார்ந்திருந்தும், அழுகிற குரலில் அவரைக் கேட்டதே இல்லை. "கடல் நீளமா இருக்குங்க, கடல்ல எந்த இடம்?" என்று அவர் பாணியிலேயே கேட்டேன்.

"வாயாடி, நீயா? எனக்குத் தெரியலடி. எங்க இருக்கேன்னே தெரியல. உங்க மாமாவுக்கு மறுபடி வந்திருச்சு."

மேற்பார்வையாளரைப் பார்த்துக் கையை ஆட்டினேன். அழைப்பு எந்த டவரிலிருந்து வருகிறது என்று அவர் தேட ஆரம்பித்தார். கம்ப்யூட்டர் திரையில் விழுந்த வட்டம் பாதிக் கரையை விழுங்கியிருந்தது. அதற்குள் நான் கேட்க வேண்டியதைக் கேட்டேன். நினைவு இருக்கிறதா? அரைகுறையாக. மூச்சு? இருக்கிறது. வலி கைக்கு இறங்குகிறதா? இல்லை, தலைதான் வலி, குமட்டல், கண்ணைத் திறக்கமாட்டேன் என்கிறார்.

தலைவலி, குமட்டல், மயக்கம் என்று வந்தால் கேட்டே தீரவேண்டிய கேள்வி ஒன்று எங்களிடம் உண்டு. ஒரு விடுதி அறையில் எல்லோரும் மயங்கிக் கிடக்கும்போது, போன் செய்தவர் ஒருவரைப் பற்றி மட்டும் சொன்னதால் ஒரே ஒரு வண்டி அனுப்பித் திண்டாடினோம். அதற்குப் பிறகு அந்தக் கேள்வியைச் சேர்த்தார்கள். சேர்க்கச் சொல்லிச் சண்டை போட்டவரே அக்காதான்.

"அங்க உங்ககூட இருக்கிற வேற யாருக்காவது இதே மாதிரி இருக்கா?"

"இங்க வேற யாருடி இருக்கா? நாங்க ரெண்டு பேருதான்."

"அப்ப உங்களுக்கு?"

"எனக்கு ஒண்ணும் இல்ல."

வேறு யாராவது சொல்லியிருந்தால் அடுத்த கேள்விக்குப் போயிருப்பேன். ஆனால் அந்த வார்த்தையை நான் வீங்கின கன்னத்தோடு பார்த்தவள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"தலை வலிக்குதாக்கா?"

"அது நேத்துலருந்து தூக்கம் இல்ல, அதான்."

"குமட்டுதா?"

"வண்டியில வந்தா எனக்கு எப்பவும் குமட்டும்டி. இப்ப அதுவா முக்கியம்? அவரைப் பத்திக் கேளு!"

"வண்டி நின்னுக்கிட்டுத்தானேக்கா இருக்கு?"

மழை மட்டும் கேட்டது.

"அக்கா, உள்ள அடுப்பு எதுவும் எரியுதா?"

"கரி" என்றார் அக்கா. மிக மெதுவாகச் சொன்னார். "நான்தான் எடுத்து வச்சேன்."

குளிர்காலம் வந்தால் எங்களுக்கு இப்படி அழைப்புகள் வராமல் இருக்காது. மூடிய அறையில் கனிகிற கரியிலிருந்து வரும் வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாடையும் கிடையாது. ஆளைத் தூங்கவைத்தே கொன்றுவிடும். அந்த அழைப்புகளில் மட்டும் அக்கா விலாசம் கேட்க மாட்டார். கதவைத் திறங்க, கதவைத் திறங்க என்றுதான் கத்துவார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். அவருக்குத் தெரியாததா? நெஞ்சு, நெஞ்சு என்று ஒன்றையே பிடித்துத் தொங்கியதில் மற்றது எல்லாம் மறந்துபோயிருந்தது. இப்போது நான் கத்தினேன்.

"கதவைத் திறங்கக்கா!"

போன் கீழே விழும் சத்தம். பட்டை கிழியும் சத்தம். பிறகு அக்கா எதையோ இழுத்து இழுத்து முனகுவது கேட்டது. கதவைச் சாத்தியபோது திரையின் கீழ் ஓரம் கதவிடுக்கில் சிக்கிக்கொண்டிருந்தது. ஒட்டுப் பட்டை விட்டது, தையல் விடவில்லை. கையில் பலம் இருந்திருந்தால் பிய்த்திருப்பார். பலம் ஏது? காது கொடுத்துக் கேட்பதைத் தவிர நான் செய்யக்கூடியது ஒன்றுமில்லை. நாற்காலியின் கைப்பிடியை நான் எவ்வளவு இறுக்கிப் பிடித்திருந்தேன் என்பது பிறகு விரல்கள் வலித்தபோதுதான் தெரிந்தது.

அப்புறம் கத்திரிக்கோல் சத்தம் கேட்டது. மாமா எங்கே போனாலும் விடாமல் கொண்டுபோகும் பெரிய கத்திரிக்கோல். ரெக்ஸின் கரகரவென்று அறுபட்டது. மேலே படுத்திருந்த மனிதர் அந்த மயக்கத்திலும், "ஐயோ, டபுள் தையலு..." என்று முனகினார். கதவு இழுபடும் சத்தம் வந்தது. திடீரென்று காற்றும் கடலும் போனுக்குள் இரைந்தன. அந்தக் குளிர்காற்றைக் கேட்டு நான் அழுதுவிட்டேன்.

அக்கா அவரை எப்படி இறக்கினார் என்று அவருக்கே தெரியாது. இருவரும் வெளியே ஈர மணலில் கிடந்தார்கள். நான் போனில் கத்திக் கத்தித்தான் அக்கா கதவோரம் கிடந்த போனை எட்டி எடுத்தார்.

"அக்கா, வண்டி அனுப்பணும். பக்கத்துல கம்பம் ஏதாவது தெரியுதா? ரோட்டு வரைக்கும் போய்ப் பாருங்க."

"இவரை விட்டுட்டு எப்படிடி போறது?"

அதற்குச் சொல்லவேண்டிய பதில் எனக்கு மனப்பாடம். ஆனால் வாய் வரவில்லை. வாயாடி என்று பெயர் வாங்கியவள், வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அப்போது மாமாவின் குரல் கேட்டது. ஈரக் காற்று நெஞ்சுக்குள் போனதும் அவருக்கு நினைவு தெளிய ஆரம்பித்திருந்தது. "போனைக் குடு" என்றார்.

"எழுதிக்கோம்மா. இரும்புப் பாலம் ஒண்ணு வரும். அதைத் தாண்டி வெள்ளை அடிச்ச கலங்கரை விளக்கம். அதுக்கப்புறம் மூடிக் கிடக்கிற ஐஸ் ஃபேக்டரி. அதை ஒட்டி இடது பக்கம் மண்பாதை. வாசல்ல உடைஞ்ச படகு ஒண்ணு கவுந்து கிடக்கும்."

விலாசம் அக்கா இரண்டு நாள் அதே சாலையில் வந்தவர். பாலத்தையும் பார்க்கவில்லை, கலங்கரை விளக்கத்தையும் பார்க்கவில்லை. நெஞ்சு நோயாளியிடம் இடம் கேட்டு நான் வண்டியை அனுப்பினேன்.

வந்துவிடும், வந்துவிடும் என்று பேசிக்கொண்டே இருந்தேன். மாமாவின் குரல் தெளியத் தெளிய, அக்காவிடமிருந்து பதில் வருவது குறைந்துகொண்டே போயிற்று. ஒருமுறை வாந்தி எடுத்தார். நான் பெயர் சொல்லிக் கூப்பிட்டேன். பட்டப்பெயர் சொல்லியும் கூப்பிட்டேன்.

"என்னம்மா இது, இவ கண்ணை மூடுறா" என்றார் மாமா. அவர் குரல் அப்படி உடைந்து நான் கேட்டதில்லை. "ஏய், இங்க பாரு. என் மூஞ்சியப் பாரு. ரெண்டு நாளா பாத்தியே, இப்பப் பாரேன்டி!"

"கன்னத்துல தட்டுங்க மாமா. பக்கவாட்டுல திருப்பிப் படுக்க வைங்க. மூச்சு வருதா? எனக்குச் சொல்லிக்கிட்டே இருங்க."

"வருது... வருது... வருதும்மா..."

அந்த ஒரு வார்த்தையை அவர் சொல்லச் சொல்ல நான் கேட்டுக்கொண்டிருந்தேன். அறையில் மற்ற போன்கள் அடித்துக்கொண்டே இருந்தன. கடைசியில் தூரத்தில் சைரன் கேட்டது. வண்டியிலிருந்து இறங்கியவர், "யாருக்கு உடம்பு சரியில்ல?" என்று கேட்டது போனில் விழுந்தது. "இவளுக்கு" என்றார் மாமா. அதே நேரத்தில், "அவருக்கு" என்று அக்காவின் குரல் ஈனமாக வந்தது. எனக்குக் கோபமா சிரிப்பா என்று புரியவில்லை. உயிரோடு இருக்கிறார் என்பது மட்டும் புரிந்தது.

மறுநாள் பஸ் பிடித்து அந்த ஊர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். ஒரே அறையில் பக்கத்துப் பக்கத்துக் கட்டில். இருவர் முகத்திலும் ஆக்ஸிஜன் மாஸ்க். மாமாவின் இதயத்துக்கு ஒரு குறையும் இல்லை என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வாயு ரத்தத்தில் அதிகமாகச் சேர்ந்திருந்தது அக்காவுக்குத்தான். கீழே அடுப்பை ஒட்டி உட்கார்ந்து, விசிறி விசிறி அவ்வளவையும் உள்ளே இழுத்திருக்கிறார். இன்னும் சற்று நேரம் போயிருந்தால் அக்கா பிழைத்திருக்க மாட்டார் என்று என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

டாக்டரம்மா அக்காவின் கட்டிலருகே போய் நின்றார். "எப்படி இருக்கு?"

அக்கா மாஸ்க்கைத் தூக்கிக்கொண்டார். "ராத்திரி நல்லாத் தூங்கினாரு டாக்டர். பிரஷர் மட்டும் கொஞ்சம்..."

"நான் உங்களைக் கேட்டேம்மா."

அக்கா மாமாவைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். அந்தப் பாழாய்ப்போன வார்த்தை அவர் வாய் வரைக்கும் வந்துவிட்டது என்று எனக்குத் தெரியும். மாமாவுக்கும் தெரிந்திருக்க வேண்டும், கட்டிலில் கையூன்றி எழுந்து உட்கார்ந்துவிட்டார்.

"தலை வலிக்குது டாக்டர்" என்றார் அக்கா. "ரொம்ப வலிக்குது. நேத்து வண்டிக்குள்ள இருந்தப்பவே பயங்கரமா வலிச்சுது."

சொல்லிவிட்டு, பல் வலிக்கெல்லாம் சேர்த்து வைத்து அழுகிற மாதிரி அழுதார். டாக்டரம்மா மாஸ்க்கைச் சரிசெய்துவிட்டு நகர்ந்தார். மாமா கட்டிலை விட்டு இறங்கி, தன் குழாய் எட்டுகிற தூரம் வரைக்கும் வந்து, அக்காவின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.